நூறு சாவுக்கு ஓர் உருவம்

நாசரேத்துச் சந்தியாகு மகன் ஞானசீலன் புள்ளியியல் படித்தவன். பம்பாயில் ஒரு சுகாதார ஆபீஸில், எழுத்தறியாத சனமும் பார்த்தாலே விளங்குகிறாப்போல சாவுக்கணக்கைப் படமாக வரைகிற வேலை. "எம்புட்டுப் படிச்சும் பொம்மைதான் போடுதாரு மாப்பிள்ளை" என்று தாராவியில் மச்சான்மார் கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அறுபத்துமூன்றாம் வருஷம் அம்மை வந்து அவனுடைய ஒரே மகளைக் கொண்டுபோயிற்று. அந்த வருஷத்துக் கணக்கையும் அவன்தான் வரைந்தான். நூறு சாவுக்கு ஓர் உருவம். மாதுங்காவில் கண்காட்சி வைத்தபோது பெண்டாட்டி ஜெயசீலி பார்க்க வந்தாள். வரிசையில் ஒவ்வோர் உருவமாக உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல நம்ம பிள்ள எது?"

நூறு பேர் சேர்ந்ததுதான் ஓர் உருவம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினான். கடைசி உருவத்தைக் காட்டி, "இந்தா, இதுதான்" என்றான்.

ஜெயசீலி அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். "பக்கத்துல ஆளிருக்கு. பயப்பட மாட்டா" என்றாள்.

மறு வருஷம் அம்மைச் சாவில் நூறு குறைந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் சந்தோஷம். புதுப்படத்தில் கடைசி உருவத்தை விட்டுவிட்டு வரைந்தான் ஞானசீலன். அந்த வருஷம் கண்காட்சிக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை.