மண்ணெண்ணெய் வாசம்

கனகமணிக்கு வாசனை தெரியாது என்பது பதினாறு மாதமாக, ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் யாருக்கும் தெரியாது. கட்டிய கணவனுக்கும் தெரியாது.

அன்னூர்ப் பக்கத்துப் பெண் அவள். 1962-இல் லிங்கசாமியைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறினாள். லிங்கசாமியும் அவன் அண்ணன் நாச்சிமுத்துவும் சேர்ந்து கேத்தியில் மூன்று ஏக்கர் வாங்கிக் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டிருந்தார்கள். தம்பி மேலே விளைவித்தான். அண்ணன் மேட்டுப்பாளையத்தில் குடியிருந்து மண்டியில் விற்றான். தீபாவளிக்கு மட்டும் அண்ணன் குடும்பம் மலை ரயிலேறி வந்து மூன்று நாள் தங்கும். அந்த மூன்று நாள் சமையலும் கனகமணியுடையது. லட்டு, முறுக்கு, ரிப்பன் பக்கோடா, தீபாவளியன்று காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்குக் கேக் என்றால் உயிர். பக்கத்து வீட்டு சில்வஸ்டர் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து மூடி, ஸ்டவ்விலேயே கேக் சுடப் பழகியிருந்தாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே சொல்லிருவேம்மா, உன் கேக் வெந்துருச்சுன்னு" என்பார் சில்வஸ்டர். கனகமணியும் அப்படித்தான் வாசனையை வைத்தே இறக்குவாள்.

1976 ஆடி மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். லிங்கசாமி காய்கறி ஏற்றிய வேனை ஓட்ட, கனகமணி பக்கத்தில் உட்கார்ந்து போனாள். குன்னூருக்குக் கீழே ஒரு வளைவில் மூடுபனி. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் வேன் ஓரச் சுவரில் மோதியது. லிங்கசாமிக்குக் கையில் சிராய்ப்பு. கனகமணியின் பின்மண்டை இரும்புச் சட்டத்தில் இடித்துப் பதினோரு தையல் போட்டார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காப்பி போட்டாள். சுடுதண்ணீர் குடிப்பதுபோல் இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்தாள். பத்து நாள் கழித்தும் அப்படியே இருந்ததால் சோப்பை எடுத்து முகர்ந்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்று மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் காரமும் இனிப்பும் தெரிந்தன. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

சந்தைக்கு என்று சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய், தனியாக ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் பொறுமையாகச் சொன்னார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்பு இழைகள் அடிபட்டபோது அறுந்திருக்கின்றன. தானாகத் திரும்பினால் உண்டு, ஒரு வருஷம் தாண்டினால் நம்பிக்கை குறைவு.

"வெளிய பார்க்கறவங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டாள் கனகமணி.

டாக்டர் வியப்பாகப் பார்த்தார். "தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான்."

அவள் சொல்லவில்லை. காரணம் லிங்கசாமி. விபத்துக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவள் தலை சீவும்போதெல்லாம் தழும்பைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். லாரி ஓட்டும் மயில்சாமியிடம் ஒருநாள் அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "அவளுக்கு ஒண்ணும் ஆகலீங்கற ஒண்ணுதான் மயிலு என்னைய நிக்க வெச்சிருக்குது." அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது?

கண்ணாலும் காதாலும் சமைக்கப் பழகினாள். வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தால் பச்சை வாசம் போயிருக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டாள். கேக்குக்குக் கடிகாரம், வெந்ததா என்று பார்க்க ஈர்க்குச்சி. பால் கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் கொட்டிவிடுவாள். குழம்பு முன்னைப்போல் இல்லை என்று மகள் மரகதம் ஒருமுறை சொன்னாள். "அடிபட்ட உடம்பு கண்ணு" என்று கனகமணி சமாதானம் சொன்னாள். அந்தப் பொய்யில் பாதி உண்மை இருந்தது.

இதற்கிடையே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. வேனும் போன பிறகு நிலத்தை விற்றுவிடலாம் என்றான் நாச்சிமுத்து. லிங்கசாமி ஒப்பவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு யாரும் வரவில்லை. அடுத்த வருஷமும் அப்படிப் போகக் கூடாது என்று கனகமணியே மேட்டுப்பாளையத்துக்குக் கடிதம் எழுதினாள். நாச்சிமுத்துவின் மனைவி, ஓரகத்தி அம்சவேணியிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. வருகிறோம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊட்டியில் கடலை மாவும் அரிசி மாவும் அரைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு டின் மண்ணெண்ணெயும் வாங்கினாள். பஸ்ஸில் மண்ணெண்ணெய் ஏற்றக் கண்டக்டர் விடமாட்டான். அதனால் டின்னை மாவுப் பைகளோடு சேர்த்துக் கோணிக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். வீட்டில் கோணியைப் பிரித்தபோது மாவுப் பைகள் ஒரு பக்கம் நனைந்திருந்தன. வெளியே தூறல். மழைத் தண்ணீர் என்று நினைத்தாள். மாவை வேட்டியில் பரப்பி, மறுநாள் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டாள். டின்னில் தக்கை நெகிழ்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. கேக்குக்கு வேண்டிய மைதாவை மட்டும் பிறகு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இரண்டு நாள் பலகாரம் சுட்டாள். தோட்டத்திலிருந்து வந்த லிங்கசாமி வாசலிலேயே நின்றான்.

"என்ன புள்ள, மண்ணெண்ணெ நாத்தம் ஊட்டையே தூக்குது?"

தனக்குத் தெரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற பதற்றம்தான் அவளுக்கு முதலில் வந்தது. "ஸ்டவ் திரி தேஞ்சு போச்சுங்க. மாத்தோணும்" என்று சொல்லி, ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஏன் நாற்றம் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. பலகாரங்களை டின்களில் போட்டு மூடியாயிற்று. சாமி கும்பிடும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் ரயிலில் அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் நாச்சிமுத்துவும் லிங்கசாமியும் முட்டைக்கோசுப் பாத்திகளைச் சேர்ந்து சுற்றிப் பார்த்தார்கள். பேச்சு குறைவுதான். என்றாலும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கனகமணி சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே கறிக்கு மசாலா அரைத்தாள்.

காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. சாமி கும்பிட்டுவிட்டு டின்களைத் திறந்தாள். லட்டையும் முறுக்கையும் பெரிய தட்டில் அடுக்கி முதலில் மூத்தார் முன்னால் வைத்தாள். பலகாரத்தை வாயில் வைத்த நாச்சிமுத்துவின் முகம் மாறியது. மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. அம்சவேணியின் கடைசிப் பையன் பாலன் லட்டை அப்படியே தரையில் துப்பினான். "அம்மா, மண்ணெண்ணெ!" என்று கத்தினான். அதற்குள் பாதி விழுங்கியிருந்தான். வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

அம்சவேணி ஒரு முறுக்கை முகர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு டின்னாகக் குனிந்து முகர்ந்தாள். கடைசியில் கேக் இருந்த பாத்திரத்தைத் திறந்தாள்.

"இதுல ஒரு வாசமும் இல்லையே கனகு. உன்ற புள்ளைங்க திங்கற கேக்குல ஒண்ணுமில்ல. எங்களுக்குச் சுட்டதுல மட்டும் மண்ணெண்ணெயா?"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க்கா..."

"ஊடே நாறுது. கையில உருட்டிப் புடிச்சவளுக்குத் தெரியாதா? நெலத்தை வித்துருவோமுன்னு இப்புடிப் பண்ணுனியா?"

லிங்கசாமி ஒரு முறுக்கை எடுத்து முகர்ந்தான். மனைவியைப் பார்த்தான். "ஏம் புள்ள, உனக்கு மூக்கில்லையா?"

கோபத்தில் கேட்டதுதான். அவள் வாய் திறந்தது. மயில்சாமியிடம் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "கவனிக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கறிக்குழம்பை யாரும் தொடவில்லை. அடுத்த ரயிலுக்கு அண்ணன் குடும்பம் கிளம்பிவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் பின்னாலேயே போன லிங்கசாமியிடம் நாச்சிமுத்து முகம் கொடுக்கவில்லை. திரும்பி வந்தவன் வாசற்படியில் நின்றபடி மனைவியிடம் கேட்டான்.

"மனசுல வெச்சுட்டுத்தான் பண்ணுனியா?"

பதினைந்து வருஷம் உடன் வாழ்ந்தவன். கனகமணி உள்ளே போனாள். டின்களைத் தூக்கிக்கொண்டு போய் உரக்குழியில் கொட்டினாள்.

பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் பேச்சு இல்லை. கீழே அம்சவேணி போன கல்யாணத்திலும் சீரிலும் இந்தக் கதையைச் சொன்னாள். நிலத்துக்காகக் குழந்தைக்கு மண்ணெண்ணெய் கொடுத்தவள் என்று அது அன்னூர்வரை போயிற்று. கனகமணியின் சொந்த அண்ணனே, பொங்கலுக்கு இந்தத் தடவை வரவேண்டாம் என்று எழுதினான். அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாள்.

அம்சவேணி அடுப்படியில் இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கனகமணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடிபட்டதுல போயிருச்சுங்க்கா. அன்னைக்கு இருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாது."

"இதைய நான் நம்போணுமா?"

"நீங்களே பாருங்க."

அம்சவேணி அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். முந்தானையால் இறுக்கிக் கட்டவும் செய்தாள். நல்லெண்ணெய், நெய், பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுவந்தாள். தெரியவில்லை, தெரியவில்லை என்றாள் கனகமணி. கற்பூரத்துக்கு மட்டும் மூக்குக்குள் லேசாகக் குளிர்ந்தது, ஆனால் அது என்னவென்று சொல்ல முடியவில்லை. கடைசியில் அம்சவேணி ஒரு டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

"தண்ணி. குடி."

கனகமணி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அம்சவேணி அலறிக்கொண்டு அதைத் தட்டிவிட்டாள். தரையெல்லாம் மண்ணெண்ணெய் ஓடியது. அம்சவேணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே கனகு. பாவி, நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே."

"போகட்டுமுங்க்கா. அவரு காதுக்கு மட்டும் போகவேண்டாம். தெரிஞ்சா மனசு ஒடஞ்சு உட்கார்ந்துருவாரு."

அம்சவேணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஆனால் சொன்ன பழியைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லாமல் முடியாது. யார் யாரிடம் பழி சொன்னாளோ அவர்களிடமெல்லாம் போய் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். மூன்றே வாரத்தில் அது மலையேறியது. கேத்தி டீக்கடையில் மயில்சாமி விசாரித்தான். "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு மூக்குல நரம்பு போயிருச்சாமா?"

லிங்கசாமி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கனகமணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து?"

அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

"வேன் மோதுனதுல இருந்தா?"

"ஆமாங்க."

அவன் கேரட் தோட்டத்துக்குள் போய் வரப்பில் உட்கார்ந்தான். இருட்டும்வரை வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமையலறைக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"என்னென்ன தெரியாது?"

அவள் யோசித்துச் சொன்னாள். "காப்பி. கொத்துமல்லி. மழை வரப்போவுற வாசம். புள்ளைங்க தலை."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "அன்னைக்கு நான் அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"வண்டி மோதுனதைவிட அதுதானுங்க வலிச்சுது" என்றாள் கனகமணி.

அவள் பயந்ததுதான் நடந்தது. அந்தப் பருவம் முழுக்க லிங்கசாமி தோட்டத்துக்கு இறங்கவில்லை. விதைப்பு, களை, மருந்து எல்லாவற்றையும் ஆள் வைத்து அவளே பார்த்தாள். ஒரு ஏக்கரை விற்கவேண்டி வந்தது. நாச்சிமுத்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பியின் தோளைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றான். மீதி இரண்டு ஏக்கரைப் பற்றி அவன் பிறகு பேசவில்லை.

1978 தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகவே அம்சவேணி வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அடுப்புக்கு முன் உட்கார்ந்தார்கள். வறுபடும் மாவின் மேல் குனிந்து, இப்போது இறக்கு, இன்னும் ஒரு நிமிஷம் என்று அம்சவேணி சொல்ல, கனகமணி கிண்டினாள். அதிலும் சண்டை வந்தது. அம்சவேணி கருகக் கருக வறுப்பவள். கனகமணியின் லட்டு முன்பெல்லாம் வெளிறிய பொன்னிறத்தில் இருக்கும். அந்த வருஷம் அது வேறொரு வீட்டு லட்டாகத்தான் வந்தது. சாப்பிட்டவர்களுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. பாலன் மட்டும் தட்டு முன்னால் கொஞ்சம் தயங்கினான். அவன் அம்மா ஒரு லட்டைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்காட்டிய பிறகே எடுத்தான்.

வாசனை திரும்பவேயில்லை. 2004-இல் இறக்கும்வரை கனகமணி அப்படியே சமைத்தாள். லிங்கசாமி அதற்குப் பிறகும் வண்டி ஓட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்து, பாத்திரம் பாத்திரமாக முகர்ந்து பார்ப்பான். சமையலில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்குது" என்பான். கனகமணி அதை நம்பாமல், மகளையும் கூப்பிட்டு ஒருமுறை கேட்டுக்கொள்வாள்.