தேயிலைப் பெட்டிச் சிலுவை

கறையான் தொடாத சிலுவையைக் கறையான் அரித்துவிட்டது என்று என் தாய்மாமா பங்குச் சுவாமியாரிடமே பொய் சொன்னார். அதுவும் தவக்காலத்தில். கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று சுமக்கும் சிலுவை முழுப் பலாமரம். நாலு நாலு பேராக மாறி மாறித்தான் அதைச் சுமப்பார்கள். அந்த வருடம் சிலுவைப்பாதையின் பதினான்கு தலமும் தான் தனியாகச் சுமப்பதாகப் பெரியப்பா நேர்ந்துகொண்டார். பெரியப்பா இருதய வருத்தக்காரர். எங்கள் வீட்டு மாடிப்படியையே இடையில் இரண்டு தடவை நின்றுதான் ஏறுவார்.

நேர்த்திக்குக் காரணம் அண்ணா, பெரியப்பாவின் ஒரே மகன். சுற்றிவளைப்பொன்றில் ஆமி பிடித்துக்கொண்டு போனவன், தெற்கில் ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான் என்பதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருந்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் இருந்தது, அவ்வளவுதான் அவன் செய்த பிழை. பெரியப்பா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லாக் கதவும் தட்டி முடிந்த பிறகு கடவுளிடம் போனார்.

மாமா ஆமர் வீதியில் தளபாடம் செய்பவர். நேர்த்தியைத் தடுக்க முடியாது, ஆளைச் சாகவிடவும் முடியாது என்று யோசித்து, ஒருகொடவத்தைக் களஞ்சியம் ஒன்றிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டிகளை எடுத்து வந்தார். அந்த மெல்லிய பலகைகளை ஒட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு சிலுவை செய்து, கறுக்கக் கறுக்கப் பொலிஷ் அடித்தார். பார்த்தால் பலாமரமே தோற்றுவிடும். கிட்டப் போனால் மட்டும் தேயிலை மணக்கும். பசைச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். எனக்கு அப்போது பத்து வயது.

"பிள்ளை, ஆருக்கும் மூச்சு விடக்கூடாது," என்றார் மாமா.

நான் மூச்சு விடவில்லை. வேறொரு வேலை பார்த்தேன். உலகத்துத் துன்பமெல்லாம் இயேசுவின் சிலுவைக்குள் இருந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்திருந்தார். மாமாவின் சிலுவைக்குள் காற்றைத் தவிர எதுவும் இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் வீட்டின் பெரிய துன்பம் அண்ணாதான். அவனைப் போட முடியாததால், கரம் பலகையில் அவன் காய் அடிக்கும் ஸ்ட்ரைக்கரை, அந்த வெள்ளை வட்டை, உள்ளே போட்டுவிட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த மாமா கடைசிப் பலகையையும் வைத்து மூடினார்.

பெரிய வெள்ளியன்று வெயில் தலையைப் பிளந்தது. பெரியப்பா சிலுவையைத் தோளில் வைத்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு முதுகை வளைத்து நடக்கத் தொடங்கினார். மாமா நிம்மதியாக மூச்சு விட்டதை நான் கண்டேன். இயேசு முதல் முறை கீழே விழும் மூன்றாம் தலம், சந்தியில், ஆமியின் சென்ட்ரிக் காவலுக்கு நேர் முன்னால். பெரியப்பா முழந்தாளிட்டுக் குனிய, சிலுவையின் தலை தாழ்ந்து வால் உயர்ந்தது. உள்ளே ஏதோ சர்ரென்று ஓடிப் போய் டொக்கென்று முட்டியது.

சென்ட்ரியில் நின்ற ஆமிக்காரன் வந்தான். சிலுவையைத் தட்டிப் பார்த்தான். வெறும் பெட்டிச் சத்தம். சனம் பாட்டை நிறுத்திவிட்டது. மாமா, தானே செய்ததாகவும் உள்ளே ஒன்றுமில்லை என்றும் கையெடுத்துக் கும்பிட்டபடி சிங்களத்தில் சொன்னார். ஒன்றுமில்லாத இடத்தில் சத்தம் எப்படி வரும் என்று அவன் கேட்டான். மாமாவையும் கொண்டு போகப் போகிறார்கள், என்னால்தான் என்று நினைத்து மாமாவின் பின்னால் ஒதுங்கினேன்.

அவன் துவக்கின் முனையில் இருந்த கத்தியால் தலைப்பலகையை நெம்பினான். ஸ்ட்ரைக்கர் தார் வீதியில் விழுந்து, உருண்டு, பெரியப்பாவின் முழங்காலடியில் சாய்ந்தது.

"மேக்க காகெத?" இது யாருடையது என்று கேட்டான்.

"மகே புதாகே," என்றார் பெரியப்பா. என் மகனுடையது.

மகன் எங்கே என்று கேட்டான். "ஒயாலா லங்க," என்றார். உங்களிடந்தான். அதைக் கோபமில்லாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆமிக்காரன் குனிந்து ஸ்ட்ரைக்கரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை உள்ளே போட்டு, பலகையை உள்ளங்கையால் அடித்துப் பொருத்திவிட்டு, போகச் சொல்லித் தலையசைத்தான். மிச்சப் பதினொரு தலமும் பெரியப்பாதான் சுமந்தார். அவர் விழும்போதெல்லாம் உள்ளே அது ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. கோயிலுக்குள் இறக்கி வைத்தபோது அவரால் தோளை நிமிர்த்த முடியவில்லை.

பின்னேரம் மாமா அவர் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றார்.

"தூக்கின உடனையே விளங்கிட்டுது தம்பி," என்றார் பெரியப்பா. "நீர் என்னில பாவம் பாத்துச் செய்தனீர்."

அப்படியென்றால் அந்த வளைந்த முதுகும் நிமிராத தோளும் மாமாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் போட்ட நடிப்பு என்று நான் தீர்மானித்தேன். பெரியப்பா இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த தவக்காலத்துக்கு முன் அண்ணா வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறவனாக, ஆனால் வந்துவிட்டான். ஒரு மாதம் யாரோடும் கதைக்காமல் இருந்தவன், ஒருநாள் கரம் பலகையை எடுத்து வைத்து ஸ்ட்ரைக்கரைத் தேடினான். நான் உண்மையைச் சொன்னேன். மாமா உளியோடு கோயிலுக்குப் புறப்பட, பெரியப்பா வாசலில் மறித்தார்.

"கிடக்கட்டும் தம்பி. மற்றவையின்ர பிள்ளையள் இன்னும் வரேல்லத்தானே."

அந்தப் பெரிய வெள்ளியும் அவரே சுமந்தார். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, மகன் வீட்டில் இருக்கிறான், பிறகு என்னத்துக்கு இன்னும் சுமப்பது? அண்ணா பாவம், சோடாப் போத்தல் மூடியால் காய் அடித்துக்கொண்டிருந்தான்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம் மறைக்கல்விச் சோதனை வந்தது. இயேசு ஏன் சிலுவையைச் சுமந்தார் என்ற கேள்விக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் விடை எழுதி, வகுப்பில் முதலாவதாக வந்து, மாதா படம் ஒன்றைப் பரிசாக வாங்கினேன். அந்தப் படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன், பெரியப்பாவைத் தவிர. அவரோடு எனக்கு இன்னும் கோபம்.