உடன்குடிக்காரர் வீட்டு மீன்தொட்டி

மீன் விஷயத்தில் பர்னபாஸ் இதுவரை யாரிடமும் சந்தேகம் கேட்டது கிடையாது. ஆலந்தலையில் பிறந்து, தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டி இழுக்கும் டக்போட்டில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்று, மில்லர்புரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர். மார்க்கெட்டில் ஒரு சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாரென்றால், எந்தப் பக்கத்துக் கடலில் பிடித்தது, எவ்வளவு நேரம் ஐஸில் கிடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவார். மீன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்பதால் அவர் சொன்னது எதுவும் இன்றுவரை பொய்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மகள் ஜெஸ்லின் சார்ஜாவுக்கு வேலைக்குப் போகும்போது தன் மீன்தொட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனாள். அதில் நான்கு கிளௌன் லோச் மீன்கள். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டைகள், செதில் இருப்பதே தெரியாத வழவழத்த தோல், நல்ல தண்ணீரில் மட்டும் பிழைக்கிற ஜாதி. கல்லூரி நாளிலிருந்து அவள் வளர்த்தவை. “மாதா கோயில் திருவிழாவுக்கு நான் வாரப்ப நாலும் இருக்கணும் டாடி” என்பதுதான் விமான நிலையத்தில் அவள் கடைசியாகச் சொன்னது. அப்பாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றிக்கூட அதற்கு முன்னால்தான் சொன்னாள்.

“கப்பலையே கட்டி இழுத்தவன்ட்ட, விரல் நீளத்து மீனைப் பாத்துக்கிடச் சொல்லுதா” என்று பர்னபாஸ் மனைவி அல்போன்சாவிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜூலை பிறந்ததும் மீன்களின் உடம்பில் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. மீன்கள் கல்லில் போய்ப் போய் உடம்பை உரசின.

“மீன் வாங்குன கடையில ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றாள் அல்போன்சா.

“யாரு, அந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரன்ட்டயா? வயக்காட்டுல நாத்து நட்டவன் எனக்கு மீனைப் பத்திச் சொல்லித் தரணுமாக்கும்.”

“நீங்க மட்டும் என்ன, மீன் செத்த பொறவுதான ஆராய்ச்சி பண்ணிருக்கீங்க” என்றபடி அவள் உள்ளே போய்விட்டாள்.

தகவல் பரவியது. அல்போன்சாவின் தம்பி மரியான், ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போவதுபோல ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தார். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேஷன்டுகளை வெகுநேரம் பார்த்தார்.

“அத்தான், கடல் மீன் மேல இப்படிப் புள்ளி பாத்திருக்கியளா?”

“கிடையவே கிடையாது.”

“ஏன் கிடையாது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பு! சுற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்பைக் குவித்து வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு இது உடனே தோன்றாமல் போனதற்காக இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். தொண்டைக்கட்டுக்கும் பல்வலிக்கும் கண்ணேறுக்கும் கேட்கிற மருந்து மீனுக்குக் கேட்காதா? பர்னபாஸ் அடுக்களைக்குப் போய்க் கல்லுப்பை இரண்டு கை அள்ளிவந்து தொட்டியில் போட்டார். மீன்கள் துள்ளின, கண்ணாடியில் முட்டின, பிறகு அடியில் போய் ஒருக்களித்துக் கிடந்தன.

“மருந்து வேலை செய்யுது” என்றார் மரியான்.

வேலை செய்யவும் செய்தது. இரண்டொரு நாளில் புள்ளிகள் காணாமல் போயின. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த பர்னபாஸ், உப்பு வைத்தியத்தின் மகிமையைக் கோயில் வாசலில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துச் சொன்னார். மீன் வளர்க்காத ஒருவர்கூட வீட்டில் போய்ச் செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்த வாரம் முடிவதற்குள் புள்ளிகள் திரும்ப வந்தன. முதலில் ரவை, இப்போது உடம்பே தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு. நான்கில் சின்னது ஒரு காலையில் மிதந்தது. அல்போன்சா அதைப் பேப்பரில் சுற்றி முருங்கைமரத்தடியில் புதைத்தாள். அன்று ஜெஸ்லின் வீடியோவில் வந்தபோது, “ஒண்ணு கல்லுக்கு அங்கன படுத்திருக்கு” என்று சொன்ன பர்னபாஸ், போனைச் சட்டென்று முருங்கைமரத்தின் பக்கம் திருப்பி, காய் நிறையப் பிடித்திருப்பதைக் காட்டினார். பிறகுதான் எங்கே காட்டுகிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

மறுநாள் அவர் அந்த ஸ்ரீவைகுண்டத்துக்காரரின் கடைக்கே போனார். கடைக்காரர் சிவனணைந்தபெருமாள் எழுந்து நாற்காலி போட்டார்.

“எனக்கு இல்ல. உடன்குடியில எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன். தொட்டி வச்சிருக்கான். புள்ளி வந்திருக்காம்” என்றார் பர்னபாஸ்.

“என்ன மீனு அண்ணாச்சி?”

“கிளௌன் லோச்சாம்.”

“உப்பு எதுவும் போட்டுட்டாரா?”

“போட்டிருப்பான். உடன்குடியில கருப்பட்டி காய்ச்சுதவனுக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?”

“எவ்வளவு போட்டாராம்?”

“ரெண்டு கை.”

“பெரிய கையா, சின்னக் கையா?”

பர்னபாஸ் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஏறக்குறைய என் கை மாதிரிதான்.”

சிவனணைந்தபெருமாள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அலமாரிப் பக்கம் திரும்பி மருந்தைத் தேடினார்.

“அந்த அண்ணாச்சிட்ட சொல்லுங்க. இது தோலு மழமழன்னு இருக்குத மீனு, உப்பும் தாங்காது, மருந்தும் தாங்காது. தண்ணியை மொத்தமா மாத்தாம, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி உப்பை இறக்கச் சொல்லுங்க. இந்த மருந்துல பாட்டில்ல போட்டிருக்குத அளவுல பாதிதான். பில்டர்ல கரி இருந்தா எடுத்திரணும், இல்லன்னா மருந்தைக் குடிச்சிரும். தண்ணிச் சூட்டை மெதுவா முப்பது டிகிரிக்கு ஏத்தணும், காத்து மோட்டார் ஓயாம ஓடணும்.”

“புள்ளி போயிட்டா நிப்பாட்டிரலாம்லா?”

“அங்கனதான் அண்ணாச்சி எல்லாரும் ஏமாறுதது. புள்ளிங்கது ஒரு பூச்சி. மீன் தோலுக்குள்ள இருக்கப்ப அதை மருந்து தொடாது. தானா உதிர்ந்து அடியில போயிப் பெருகும். அந்தக் குஞ்சு மறுபடியும் மீனைத் தேடி நீந்துது பாருங்க, அப்பதான் சாகும். புள்ளி மறைஞ்சா குணமாயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிரக் கூடாது.”

“அவன் அப்படிச் சொல்லுத ஆளு இல்ல” என்றார் பர்னபாஸ் வேகமாக.

அதற்கப்புறம் அவர் தொட்டியைக் கவனித்த அளவுக்குக் கப்பலுக்குக்கூடக் கவனமாகச் சுக்கான் பிடித்ததில்லை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அடியில் கிடந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சினார். புள்ளிகள் போன பிறகும் நிறுத்தவில்லை. மரியான் மறுபடியும் ரொட்டியோடு வந்தபோது அவரைத் தொட்டிப் பக்கமே விடாமல், காப்பி கொடுத்து வாசலோடு அனுப்பினார்.

திருவிழாவுக்கு வந்த ஜெஸ்லின் பையை இறக்கும் முன்பே மீன்களை எண்ணினாள். மூன்று.

“வயசாயிப் போச்சு மவளே” என்றார் பர்னபாஸ்.

“லோச்சுக்கு இது வாலிப வயசு டாடி” என்று மட்டும் சொன்னாள். அது அவருக்கு ஏச்சைவிடக் கடினமாக இருந்தது.

திருவிழாக் கூட்டத்தில் பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில், குடும்பத்தோடு வந்திருந்த சிவனணைந்தபெருமாள் அவர்களைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, உடன்குடிக்காரர் வீட்டு மீனு எப்படி இருக்கு?”

மகளும் மனைவியும் பர்னபாஸையே பார்த்தார்கள்.

“மூணு பிழைச்சிருச்சு. உங்களாலதான்.”

“யாரு டாடி உடன்குடியில?” என்றாள் ஜெஸ்லின்.

பர்னபாஸ் மாதா கோயில் விளக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்குத் தெரிஞ்சவன்தான்ளா. கொஞ்சம் தலைக்கனம் பிடிச்ச பய. நாலாவது மீனு செத்தது அதனாலதான்.”