எண்ணூறு கோடி ஒளியாண்டுப் பிழை

ஆய்வகத்தில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பட்டப்பெயர். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். "அணைச்சதுக்கு ரசீது எழுதித் தரட்டுமா?" என்பான் கணவன். பயந்தாங்கொள்ளிதான். ஆனால் பத்தொன்பது வருடமாக அவளுக்குச் சோறு போட்டதே அந்தப் பயம்தான்.

எங்கோ ஒரு காமா கதிர் வெடிப்பு நடக்கும். வெடித்த இடத்தில் மங்கலாக ஒரு விண்மீன் மண்டலம் தெரியும். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் தெரியும் கோடுகளில் எது எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அளந்து அவள் தூரம் சொல்ல வேண்டும். இதில் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று வேறு சும்மா இராது. தானும் மினுங்கிக் கோடு போடும். அதைக் கழித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். கழித்தது சரிதானா என்று எப்போதும் இரண்டு முறை பார்ப்பாள்.

நேற்று ஒரு முறைதான் பார்த்தாள். "சீக்கிரம்மா, அடுத்த குழு முந்திடுவாங்க" என்று குழுத் தலைவர் முதுகுக்குப் பின்னால் நின்று பறந்தார். எண்ணூறு கோடி ஒளியாண்டு என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டாள்.

இன்று தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்தவள், டப்பாவைத் திறந்துகொண்டே வேறொரு நட்சத்திரத்தின் பதிவைப் பார்த்தாள். நேற்று அளந்த அதே இடத்தில் அதே கோடு! தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக் காற்று போட்ட கோட்டை அல்லவா அளந்து தொலைத்திருக்கிறாள்.

அவள் சொன்ன தூரத்தை நம்பி நாலு மணிக்கு இன்னொரு நாட்டின் பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பப் போகிறது. மணி மூன்று நாற்பது. சொன்னால் பத்தொன்பது வருடப் பேர் போகும். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடலாம். அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

தலைவர் அறைக்கு ஓடினாள். "சார், தப்பு பண்ணிட்டேன். அது காத்தோட கோடு."

"நல்லாப் பாத்தியா?"

"இன்னொருதரமும் பாத்துட்டேன் சார்."

நாலடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது திருத்தம் போயிற்று. உடனே தொலைபேசி அடித்தது. அடுத்த குழுவில் அவளைப் போலவே தூரம் அளப்பவர்.

"அக்கா, எங்களுக்கு நேத்தே வேற தூரம்தான் வந்துச்சு."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு, எங்களதுதான் தப்புன்னு அழிச்சுட்டோம்."

இத்தனை வருடத்தில் எதற்கெதற்கோ பயந்தவள், இதற்குப் பயந்ததில்லை.

சாயங்காலம் கணவனோடு கடைக்குக் கிளம்பினாள். வாசல் கதவைப் பூட்டினாள், ஒருமுறை இழுத்தாள். பிறகு சாவியை அவன் கையில் வைத்தாள்.

"நீங்க ஒருதரம் பாருங்களேன்."

அவன் ரசீது கதையை எடுக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும், அதை விட்டுவிட்டுப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தான்.