மைனஸ் எடையும் ஆறு வரி புரோகிராமும்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் தராசு மிஷின் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ப்ரொபேஷன் முடிவதற்குள்ளேயே அறிவு முற்றிவிட்டது. "நல்ல கம்பைலர்னா காசு குடுத்துதான் சார் வாங்கணும்" என்று மேனேஜர் மூர்த்தியை நச்சரித்து, நாம் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் அந்த மென்பொருளை வாங்க வைத்தேன். அதனால் எங்கள் மிஷினை வாங்கிய அத்திபெலே சர்க்கரை வியாபாரி போன் செய்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மூட்டைய வெச்சா மைனஸ்ல காட்டுதுங்க. நான் சர்க்கரை விக்கிறனா, பலூன் காத்து விக்கிறனா?"

கம்பைலரில் புரோகிராமைச் சுருக்கித் தரும் ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் எடை சரியாக வந்தது. ஆனால் புரோகிராம் பெருத்துச் சிப்பில் அடங்கவில்லை. பழுது கம்பைலரில். விற்ற ஏஜென்டைக் கூப்பிட்டேன்.

"வேற யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலயே சார். அடுத்த வெர்ஷன்ல பாப்பாங்க."

"அது எப்ப வரும்?"

"வந்தா சொல்றோம் சார்."

மூர்த்தி சார் கத்தவில்லை. "ஏனப்பா, திங்கக்கிழமை அந்த ஆள் மிஷின திருப்பிக் குடுத்தா, உன் கன்ஃபர்மேஷன பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றார்.

பக்கத்து சீட் செல்வி ஓர் இலவச கம்பைலரைக் காட்டினாள். அதன் பிழைகளெல்லாம் இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தன. மூர்த்தி சார் அரண்டுபோனார்.

"இவ்ளோ பக் இருக்குன்னு அவங்களே சொல்றாங்களேம்மா, இத நம்பறதா?"

"எல்லாத்துலயும் இருக்கு சார். இவங்க வெளிய சொல்றாங்க, அவ்ளோதான்."

அதுவும் எங்கள் புரோகிராமைப் பாதி விழுங்கிவிட்டு, தனக்குள் ஏதோ தப்பு, தெரிவிக்கவும் என்று சொல்லிப் படுத்துக்கொண்டது. மொத்தப் புரோகிராமையும் அந்தக் கம்பைலரை எழுதியவர்களுக்கு மெயிலில் அனுப்பப் போனேன்.

"ஊருக்கெல்லாம் நம்ம புரோகிராம காட்டுவியா?" என்று தடுத்தார் மூர்த்தி சார். பிழை தெரியும் அளவுக்கு மிகச் சின்ன புரோகிராமாக அனுப்புங்கள் என்பதுதான் அவர்களுடைய விதியும். உட்கார்ந்து வெட்டினேன். டிஸ்பிளே போனது, கீபோர்டு போனது, தராசே போனது. பிழை மட்டும் போகவில்லை. மிஞ்சியது ஆறு வரி.

"இதுல நம்ம ரகசியம் ஏதாவது இருக்கா?"

"இதுல ஒண்ணுமே இல்ல சார்."

"உன்ன மாதிரியே இருக்கு. அனுப்பு."

மறுநாள் காலை, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பிழைக்கான திருத்தத்தை, பேட்ச் என்பார்கள், அனுப்பியிருந்தார். சின்னதாக அனுப்பியதற்கு நன்றி என்று வேறு எழுதியிருந்தார். காசு வாங்கியவர்கள்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை. கம்பைலரைத் திருத்தி, புது சிப்போடு அத்திபெலே போனோம். மூட்டை ஏறியது. பிளஸ்ஸில் எடை வந்தது. வியாபாரி தானும் ஏறிப் பார்த்தார்.

"மூட்டைக்கு சரிங்க. எனக்குத்தான் ஜாஸ்தி காட்டுது."

"அது பக் இல்லண்ணா," என்றாள் செல்வி.

கன்ஃபர்மேஷன் கிடைத்தது. பிறகு காசு கொடுத்து வாங்கிய கம்பைலரின் பிழையையும் இப்படியே வெட்டி அனுப்பினேன். அதையும் ஒழுங்காகச் சரிசெய்தார்கள், அடுத்த வெர்ஷனில். இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தக் கம்பைலரானாலும், புகார் செய்யும் முன் உங்கள் புரோகிராமை வெட்டிப் பாருங்கள். வெட்ட வெட்ட, பாதி நேரம் தப்பு நம்முடையது என்று தெரிந்துவிடும். அப்போது யாரிடமும் சொல்லாமல் காபி குடிக்கப் போய்விடலாம். நான் நிறையக் காபி குடித்திருக்கிறேன்.