பார்க்காத சரிவுக்குப் போட்ட குறி

ரெங்கம் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி நான். பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த சரிவுகளில் மண் அரித்துப் போகாமல் இருக்க அரசாங்கம் விதிகள் வைத்திருக்கிறது. அவற்றைச் சரிபார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. படி வெட்டியாயிற்றா, மண்ணைப் பிடித்துக்கொள்ள மூடுகொடி படர்ந்திருக்கிறதா, தண்ணீர் பாய்ந்தோடாமல் தடுப்புமேடு போட்டாயிற்றா. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்த பிறகே குறி போட வேண்டும்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். விடுப்புக்கு மேல் விடுப்பு எடுத்துவிட்டுக் குற்ற உணர்வோடு திரும்பிய அன்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சரிவு மட்டும் பாக்கி இருந்தது.

"ஒரே சேறும்மா. உங்க சின்னக் காரு ஏறாது," என்றார் வெளிவேலைகளை மேற்பார்க்கும் மண்டோர். "நான் பார்த்துட்டேன்லா. படம் அனுப்புறேன், டிக் போட்டுருங்க."

படத்தில் கொடி பச்சைப்பசேலென்று தரையை மூடியிருந்தது. குறி போட்டேன். மேனேஜர் கையெழுத்திட்டு அனுப்பியும் விட்டார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. லயத்துச் சரிவில் தண்ணீர்த் தொட்டி ஏது? எங்கோ தொலைவில் இருப்பது படத்தில் பக்கமாகத் தெரிகிறதோ என்று நினைத்தேன். மண்டோர் அப்படிச் செய்வாரா, நான்தான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்றும் நினைத்தேன். ஆனால் அந்தச் சரிவின் அடியில், லயத்தின் கடைசி வீட்டு அக்காவிடம்தான் பகலெல்லாம் என் மகள் இருப்பாள். சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டுக் காரை எடுத்தேன்.

எப்போதும் முன்வாசலோடு திரும்பிவிடுகிற நான் அன்று வீட்டின் பக்கவாட்டில் நின்று மேலே பார்த்தேன். கொடி இல்லை. தடுப்புமேடும் இல்லை. மொட்டைச் செம்மண்ணில் மழைநீர் அறுத்த பிளவுகள் மேலிருந்து கீழ்வரை ஓடின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு செம்பனைக் கன்று வேரோடு சறுக்கி இறங்கிப் பாதியில் நின்றது.

பின்வாசலில் என் மகள் கணுக்கால் வரை சிவப்புச் சேற்றில் நின்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பாய்ந்து தூக்கினேன்.

"என்னா, கிராணியம்மாவுக்கு இன்னைக்கு அரை நாளா?" பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தார். "உன் மக லட்டுக் கடை போட்டுட்டா. ரெண்டு வாங்கிக்க."

"அக்கா, வெளிய வாங்க. மேல மண்ணு நிக்காது."

"அலமாக், கொழம்பு கொதிக்குது. மேலெல்லாம் சரியா இருக்குன்னு ஆபிஸ்ல எழுதிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

மகளோடு காருக்கு ஓடிவிடத்தான் கால் துடித்தது. மண்டோர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"நான்தான் எழுதுனேன், அக்கா. போய்ப் பார்க்காம எழுதிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. அடுப்பை அணைத்தார். வரிசையாகக் கதவுகளைத் தட்டிக்கொண்டே போனார்.

தோட்டத்து மண்டபத்தில் எல்லாரும் ஒதுங்கியபோதும் மழை விடவில்லை. மேனேஜருக்குப் போன் செய்தேன். வேலை போய்விடுமோ, யாராவது வீட்டிலேயே தங்கிவிட்டார்களோ என்று எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது.

"சார், அந்தப் படிவம் தப்பு," என்று முணுமுணுத்தேன்.

என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"சத்தமா சொல்லும்மா. நாங்களும் கேக்கணும்."

முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.