மோகனாவின் நான்கு பெட்டிகள்

கடைக் கதவைத் திறந்ததும் மோகனா முதலில் தொடுவது தொலைபேசியைத்தான். "லூபோக் சீனா கடையா? இன்சுலின் எத்தன இருக்கு? சும்மாதான் கேக்குறேன்லா." சும்மா கேட்டதாகச் சரித்திரமே இல்லை. பத்து நிமிடத்தில் எந்தக் கடையில் எது மிச்சம், எங்கே எது தட்டுப்பாடு என்பதெல்லாம் விரல்நுனிக்கு வந்துவிடும்.

இவர் டுரியான் துங்கால் கிளையின் மருந்தாளர். ஒரே முதலாளிக்கு ஆறு கடைகள். ஒன்றில் தீர்ந்ததை இன்னொன்றிலிருந்து கொண்டுவருவதில் இவரை அடிக்க ஆளில்லை. வீடு பாயா ரும்புட்டில்; அங்கேயும் ஒரு கிளை உண்டு. வலிப்பு மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து, தன் கடையில் மிஞ்சிய நான்கு பெட்டிகளை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்துவிட்டு, வேலைக்கு வரும் வழியில் அந்தக் கிளையிலேயே பில் போட்டுத் தன் நோயாளிகளுக்கு எடுத்துவந்து கொடுத்தார். கடைக்குக் கடை மருந்து மாற்றும் படிவம் எழுதச் சோம்பல். "பேப்பரு எழுதுற நேரத்துல ரெண்டு பேருக்கு மருந்து குடுத்துருவேன்" என்பார்.

அந்தச் சோம்பல் இந்த மாதம் கழுத்தைப் பிடித்தது. விற்பனையை வைத்து, எந்தக் கடை மருந்து எந்தக் கடைக்குப் போக வேண்டுமென்று இனி கணினியே கணித்துச் சொல்லுமாம். பாயா ரும்புட்டில் மாத்திரை தீர்ந்த மறுநாளே, தலைமை அலுவலகத்திலிருந்து தினேஷ்வரன் அழைத்தார்.

"அக்கா, ஒங்க கடையில அந்த மாத்திர மூணு மாசமா ஒண்ணுகூட விக்கல. இருக்கற நாலு பெட்டியையும் லூபோக் சீனாவுக்கு அனுப்பச் சொல்லுது."

"அங்க ரெண்டு மாசத்துக்கு இருக்கு, காலையிலதான் கேட்டேன். பாயா ரும்புட் பில்லுல வித்ததெல்லாம் என் ஆளுங்களுக்குத்தான் தம்பி. எழுதாதது என் தப்பு, இல்லேங்கல."

"சிஸ்டத்துல இல்லையேக்கா."

"சாமிக்கண்ணு அண்ணன் எண்ணெய்த் தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுறவரு. தலைக்கு மேல அருவா இருக்கறப்ப வலிப்பு வந்தா ஒன் சிஸ்டமா வந்து புடிக்கும்? அவரு மாத்திர நாளையோட முடியுது. இது போகாது. மேல சொல்லிக்க."

கோபம் வந்தால் மோகனாவுக்குக் குரல் இறங்கும். அன்று முணுமுணுப்புக்கு வந்துவிட்டது. நியாயமான கோபம்தான்.

சற்று நேரத்தில் வேன் ஓட்டுநர் மருதமுத்து படிவத்தோடு வந்து நின்றார். "வெறுங்கையோட போனா ஏசுவாங்கம்மா."

"ஒக்காருங்கண்ணே."

நோயாளியின் பெயர் ஒட்டிய மருந்தை வேறு கடைக்கு அனுப்பக் கூடாது. அது நிறுவனமே போட்ட விதி. மோகனா கோப்பிலிருந்து தன் வலிப்பு நோயாளிகள் நால்வரின் மருந்துச் சீட்டுகளை உருவினார். லேபிள் இயந்திரம் கரகரத்தது. முதல் மூன்று பெட்டிகளும் சட்டென்று முடிந்தன. நான்காவதில் சாமிக்கண்ணுவின் பெயரை ஒட்டி, மருதமுத்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரம் தூக்காதபடி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.